மலையில் தொடங்கி முனையில் முடியுங்கள்: குமரி மாவட்டத்தை நான்கு நாளில் சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலில் வீடு இருந்தால் விருந்தாளிகளுக்குப் பஞ்சமே இருக்காது. வருகிறவர்கள் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேட்பது ஒரே கேள்விதான்: "நாளைக்குச் சூரிய உதயம் எத்தனை மணிக்கு?" விடியலில் கன்னியாகுமரி, எட்டு மணிக்குப் படகு, திரும்பும் வழியில் சுசீந்திரம், மதியச் சாப்பாடு, மாலை ரயில். இருபத்துநான்கு மணி நேரத்தில் "குமரி பார்த்தாச்சு" என்று ஊருக்குப் போய்விடுவார்கள். பார்த்தது மாவட்டத்தின் கடைசி மூலையை மட்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற இடம் இது. சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை. மலையடிவாரத்துக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரப் பயணம், சில இடங்களில் அதுவும் இல்லை. அந்தச் சின்ன இடைவெளிக்குள் சமணப் பள்ளி, திருவிதாங்கூர் அரண்மனை, டச்சுத் தளபதியின் கல்லறை, ரப்பர்க் காடு, நெல்வயல், மீன்பிடித் துறை எல்லாம் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. மார்ஷல் நேசமணி முன்னின்று நடத்திய போராட்டத்துக்குப் பிறகுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கோயில் பூசையிலிருந்து குழம்பு ருசி வரை இங்கே எல்லாம் கொஞ்சம் வேறு மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அதனால் என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது: வழக்கமான வரிசையைத் தலைகீழாக்குங்கள். முனையில் தொடங்காதீர்கள். மேற்கே, மலையில் தொடங்கி, தண்ணீர் போகிற வழியிலேயே கடலுக்கு இறங்கி, கரையோரமாகக் கிழக்கே வந்து, கடைசி விடியலைக் கன்னியாகுமரியில் பாருங்கள். அதற்கான திட்டம் கீழே: நான்கு நாள், கூடவே ஒரு காலை.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அருவியும் காடும் அழகாக இருக்கும். ஆனால் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும், படகுப் போக்குவரத்து எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. அக்டோபர், நவம்பரில் மழை வலுத்தால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். நவம்பர் நடுவிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். கன்னியாகுமரியில் அறை கிடைப்பது சிரமம். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலும் புழுக்கமும்.

மிஞ்சுவது பொங்கல் முடிந்ததிலிருந்து மாசி மாதம் வரை. என் ஓட்டு அதற்குத்தான். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் சாகுபடி முடிகிற சமயம் என்பதால் கால்வாய்களில் இன்னும் தண்ணீர் ஓடும், அருவி வற்றியிருக்காது, கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. கன்னியாகுமரி முனையிலிருந்து பார்த்தால் சூரியன் கடலுக்குள் இறங்குவது எல்லா மாதமும் தெரியாது. கோடையில் சூரியன் வடமேற்கே சாய்ந்து தரைக்குப் பின்னால் மறைந்துவிடும். அக்டோபரிலிருந்து மார்ச் வாக்கில்தான் கடலில் இறங்கும். மே மாதம் வந்து "மலைக்குப் பின்னாலதானே போச்சு" என்று சலித்துக்கொண்ட உறவினர்கள் எனக்கு உண்டு.

தங்குமிடமும் வண்டியும்

முதல் மூன்று இரவுக்கு நாகர்கோவிலோ தக்கலையோ, கடைசி இரவுக்கு மட்டும் கன்னியாகுமரி. எல்லா நாளும் கன்னியாகுமரியில் தங்கினால் தினமும் 20 கிலோமீட்டர் கூடுதலாகப் போய்வர வேண்டும். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இரவு ரயில் வசதி, நாகர்கோவில் சந்திப்பில் இறங்கிவிடலாம். விமானம் என்றால் திருவனந்தபுரம்தான் பக்கம்.

பேருந்தில் சுற்ற முடியுமா என்றால், முடியும். வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம், குளச்சல் எல்லாவற்றுக்கும் அடிக்கடி பஸ் உண்டு. ஆனால் கீழே சொல்கிற இரண்டாம் நாளுக்கு மட்டும் கார் பிடித்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன ஊர்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நேரடிப் பேருந்து குறைவு. இன்னொன்று: வரைபடத்தில் 15 கிலோமீட்டர் என்று காட்டினால் கால் மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். வீடும் கடையும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற சாலைகள் இவை. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே பொறுமையைச் சோதித்துவிடும்.

புறப்படும் முன் நினைவில் வைக்க வேண்டியவை

கிழமை: பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஒரு முறை மைனி வீட்டார் பதினோரு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு திங்கட்கிழமை போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த ஊர்க்காரன் நான். இன்றுவரை குடும்பத்தில் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

நேரம்: கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும், மாலையில்தான் திறக்கும். ஆகவே கோயில்களைக் காலையிலேயே முடியுங்கள். மதியத்தை அணைக்கும் அருவிக்கும் விடுங்கள்.

உடை: பழைய திருவிதாங்கூர்க் கோயில்களில் ஆண்கள் சட்டை, பனியன் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். திருவட்டாறில் வேட்டியும் வேண்டும். பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு எப்போதும் இருக்கட்டும்.

முதல் நாள்: தக்கலையைச் சுற்றி ஒரு வட்டம்

காலை ஒன்பது மணிக்கு அரண்மனை திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்துவிட்டால் உள்ளே வரிசையில் நகர்வது மட்டும்தான் நடக்கும், பார்ப்பது நடக்காது.

வேளிமலை அடிவாரத்தில் இருக்கும் பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் பழைய தலைநகரம். அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கியது என்பார்கள். 1750 வாக்கில் மார்த்தாண்டவர்மா பெரிதாகக் கட்டி, நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்து, ஊருக்கும் அந்தப் பெயரை வைத்தார். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது.

அரண்மனை என்றதும் தங்கமும் பளிங்கும் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இது மரத்தால் ஆன வீடு. பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் நுழைந்ததும் நிமிர்ந்து பாருங்கள்: கூரை முழுக்கப் பூக்கள் செதுக்கியிருக்கும், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. பிறகு தரையைப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னுகிற கறுப்புத் தரை. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது. தாய்க்கொட்டாரம்தான் இருப்பதிலேயே பழைய பகுதி. அங்கே ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் ஒன்று உண்டு. ஊட்டுபுரையில் ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடும் கூடம், பக்கத்தில் ஊறுகாய் போட்டுவைத்த சீனத்துப் பெரிய பரணிகள். உப்பரிகை மாளிகையில் 64 வகை மூலிகை மரத்தால் செய்ததாகச் சொல்லும் கட்டில். டச்சுக்காரர்கள் கொடுத்தது என்பார்கள். வெளியே ஒரு கல்லைக் காட்டி, படையில் சேர வருகிறவன் அதை நூறு முறை தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்வார். முயற்சி செய்ய விடமாட்டார்கள், நல்லதுதான். அவசரமில்லாமல் பார்க்க இரண்டரை மணி நேரம் வேண்டும்.

அரண்மனையில் ஒன்றைத் தவறவிட்டுவிடுவார்கள், அது நவராத்திரி மண்டபம். ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன் இங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். மாநில எல்லை மாறிவிட்டது, சாமிகள் போகிற வழி மாறவில்லை. அந்தச் சமயத்தில் வர முடிந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

அடுத்து, புலியூர்க்குறிச்சியில் சாலையோரம் இருக்கும் உதயகிரிக் கோட்டை. வனத்துறை இப்போது பூங்காவாக வைத்திருக்கிறது, குழந்தைகள் மான் பார்க்கப் போகிறார்கள். நீங்கள் போக வேண்டியது கோட்டைக்குள் கூரையில்லாமல் நிற்கிற சின்னத் தேவாலயத்துக்கு. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவன் டிலனாய் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறான். பிடிபட்டவனைக் கொல்லாமல் படை பயிற்றுவிக்க வைத்துக்கொண்டார் அரசர். கடைசியில் அவனே திருவிதாங்கூர்ப் படையின் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, ஆனான். 1777-இல் இறந்தான். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கிறது.

இந்த டிலனாயிடம் கிறித்தவத்தைப் பற்றிக் கேட்டு மதம் மாறியவர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை. 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரைத்தான் 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் புனிதர் தேவசகாயமாக அறிவித்தார். உடல் அடக்கமான இடம் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயம். மாலை அறைக்குத் திரும்பும் வழியில் அங்கே இறங்கலாம்.

நேரமிருந்தால் தக்கலையில் பீர்முகமது அப்பா தர்காவையும் பார்த்துவிடுங்கள். தமிழில் ஞானப் பாடல்கள் பாடிய சூஃபி அவர். ஆண்டு விழாவில் ஞானப்புகழ்ச்சியை விடிய விடியப் பாடுவார்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளித் திருவிதாங்கோட்டில் புனித தோமா கட்டியதாக மரபு சொல்லும் அரப்பள்ளி தேவாலயம். திருவிதாங்கூர் என்ற பெயரே இந்தச் சின்ன ஊரிலிருந்து வந்ததுதான்.

இரண்டாம் நாள்: தண்ணீரின் வழியில்

இதுதான் முக்கியமான நாள். காலை ஐந்தரைக்கே கிளம்புங்கள். வரிசையை மாற்றாதீர்கள், கோயில் நடை, வெயில், சித்தறால் சமணக் குன்று மூடும் நேரம் எல்லாவற்றையும் பார்த்துப் போட்ட வரிசை இது.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளில் தொடங்குங்கள். நம்மாழ்வார் பாடிய வாட்டாறு. கோதையாறும் பறளியாறும் ஊரை வளைத்துக்கொண்டு போகின்றன. 22 அடி நீளத்தில் பெருமாள் மேற்குப் பார்த்துப் படுத்திருக்கிறார். மூன்று வாசல் வழியாக முகம், உடல், பாதம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கல்லில் செதுக்கிய சிலை அல்ல, சாளக்கிராமங்களை அடுக்கி அதன்மேல் கடுசர்க்கரை என்கிற மூலிகைச் சாந்து பூசியது. 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6-இல்தான் குடமுழுக்கு நடந்தது. விளக்கு ஏந்திய பாவைகள் வரிசையாக நிற்கும் பிராகாரத்தில் காலை ஆறரை மணிக்கு ஆளே இருக்காது. எண்ணெய் வாசமும் பழைய கல்லின் குளிர்ச்சியும்தான். சுசீந்திரத்தின் நெரிசலைவிட எனக்கு இந்தக் கோயில் நூறு மடங்கு பிடிக்கும்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் மாத்தூர் தொட்டிப்பாலம். ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோக, பறளியாற்றுக்கு மேலே நூறடிக்கு மேல் உயரத்தில் காங்கிரீட் தொட்டியை 28 தூண்களில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். காமராசர் எடுத்துச் செய்த திட்டம், 1966-இல் முடிந்தது. தொட்டியை ஒட்டியே நடைபாதை; ஒரு பக்கம் ஓடும் தண்ணீர், மறுபக்கம் பாதாளம். தலை சுற்றுகிறவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். எட்டு மணி வெயில்தான் இதற்குச் சரி. பார்த்து முடித்ததும் படி இறங்கி ஆற்றங்கரைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். மேலே நின்றபோது தெரியாத பிரம்மாண்டம் அப்போதுதான் தெரியும்.

குலசேகரத்தில் காலைச் சாப்பாடு. புட்டும் பயறும் பப்படமும் கிடைத்தால் வேறெதுவும் கேட்காதீர்கள். இதற்கப்புறம் இருபுறமும் ரப்பர் மரங்கள்; சிரட்டையில் பால் வடிந்துகொண்டிருக்கும், வெயில் தரையைத் தொடாது.

பேச்சிப்பாறை அணை கோதையாற்றின் மேல் 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரையின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த அணை வருவதற்கு முன் நாஞ்சில் நாட்டு வயல்கள் வானத்தையும் குளத்தையும் நம்பிக் கிடந்தவை. 48 அடி என்பது இங்கே அணையின் முழு நீர்மட்டம், மழைக்காலத்தில் "இன்னைக்கு எத்தனை அடி?" என்று கேட்காத விவசாயி கிடையாது. நீர்ப்பரப்புக்குப் பின்னால் நீலமாய் அடுக்கடுக்காக மலைகள். அரை மணி நேரம் போதும். அதற்கு அப்பால் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். சோதனைச் சாவடியில் வாக்குவாதம் செய்து பயனில்லை.

திரும்பும் வழியில் திருநந்திக்கரை. பாறையைக் குடைந்து எடுத்த சிறிய சிவன் குடைவரை, சுவரில் மங்கிப்போன ஓவியங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவற்றில் ஒன்று ராஜராஜ சோழனின் சதயத் திருநாள் கொண்டாட்டத்தைச் சொல்கிறது. தஞ்சாவூரிலிருந்து இத்தனை தூரத்தில் ஒரு பாறையில் அந்தப் பிறந்தநாள் இருக்கிறது. பக்கத்திலேயே கேரள பாணியில் ஓடு வேய்ந்த கோயிலும் உண்டு.

பகல் பன்னிரண்டு மணிக்குத் திற்பரப்பு. கோதையாறு அகன்ற பாறையில் பரவி வந்து சுமார் 50 அடி கீழே விழுகிறது. குற்றாலத்தோடு ஒப்பிடாதீர்கள், இது கூட்டத்தோடு சண்டை போடாமல் நின்று குளிக்கிற அருவி. பக்கத்தில் மகாதேவர் கோயில். வார இறுதியைத் தவிர்த்தால் நல்லது. பாறையில் பாசி உண்டு, எங்கே கம்பி கட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் நில்லுங்கள்.

திற்பரப்பும் திருநந்திக்கரையும் சிவாலய ஓட்டத்தில் வருகிற கோயில்கள். மகா சிவராத்திரியை ஒட்டி, முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களை, ஏறத்தாழ 100 கிலோமீட்டரை, கையில் பனையோலை விசிறியோடு ஓடியே கடப்பார்கள். சிவன் கோயிலுக்கு ஓடும்போது அவர்கள் போடுகிற கூச்சல் "கோவிந்தா! கோபாலா!" வழியெல்லாம் ஊர்க்காரர்கள் சுக்குநீரும் கஞ்சியும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த இரண்டு நாளில் நீங்கள் சாலையில் இருந்தால், காரை ஓரங்கட்டிவிட்டு ஒரு கோயில் வரைக்குமாவது கூட நடந்து பாருங்கள்.

மூன்றரை மணிக்குள் சித்தறாலில் இருக்க வேண்டும். பழைய பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்றால் சமணத் துறவிகள். அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை, முந்திரி மர நிழலில் இருபது நிமிட ஏற்றம். மேலே ஒரு பெரும்பாறை இன்னொன்றின்மேல் கவிழ்ந்து கூரைபோல் நிற்க, அதன் பக்கவாட்டில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் பாம்பு விரிந்த பார்சுவநாதர், அம்பிகா, பத்மாவதி. ஆய் அரசன் விக்கிரமாதித்ய வரகுணன் காலத்து, 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பின்னாளில் இது பகவதி கோயிலாகிவிட்டது. பகவதியும் தீர்த்தங்கரரும் ஒரே பாறையில் குடியிருக்கிறார்கள். நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களிலும் இப்படி மகாவீரரும் பார்சுவநாதரும் உண்டு, தேடினால் கிடைப்பார்கள்.

மலையுச்சிச் சுனைக்குப் பக்கத்தில் நின்று மேற்கே பாருங்கள். கீழே தென்னையும் ரப்பரும் மட்டும். ஆறு எங்கோ உள்ளே. காலையில் தாண்டிய கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் கலந்து குழித்துறை தாமிரபரணியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு. நாளைக் காலை அதன் வாயில்தான் தொடங்கப்போகிறோம்.

மூன்றாம் நாள்: தேங்காப்பட்டணத்திலிருந்து முட்டம்

குழித்துறை ஆறு கடலில் சேரும் பொழிமுகம் தேங்காப்பட்டணம். மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏலம் நடக்கிறபோது போனால் நெய்மீனும் சூரையும் கணவாயும் கூடை கூடையாக இறங்கும். படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள். வேலை செய்கிற இடம் அது. போகிற வழியில் பார்த்திபசேகரபுரம். 9-ஆம் நூற்றாண்டில் ஆய் அரசன் கருநந்தடக்கன் மாணவர்களுக்கு உணவோடு கல்வி தந்த சாலையை நிறுவிய ஊர். இன்று அமைதியான ஒரு பெருமாள் கோயில்தான் மிச்சம்.

கரையோரச் சாலையில் கிழக்கே வந்தால் குளச்சல். போர் நடந்த கடற்கரையில் வெற்றித்தூண் நிற்கிறது. 2004 சுனாமியில் தமிழ்நாட்டில் அதிகம் அடிபட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. பெயர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள், நாமாகக் கேட்காமல் இருப்பது நல்லது.

அடுத்து மண்டைக்காடு. பகவதி இங்கே வளர்ந்த புற்று. மாசிக் கொடைக்குக் கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள். தலைவலி தீர மண்டையப்பம் படைப்பது வழக்கம்.

மணவாளக்குறிச்சியில் நிறுத்திக் கடற்கரை மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். கறுப்பும் செம்மையுமாக இருக்கும். இல்மனைட், கார்னெட், மோனசைட். 1909 வாக்கில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, கயிறு எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே இங்கே வந்து சேர்ந்தார். அன்று தொடங்கிய மணல் தொழில் இன்று மத்திய அரசு நிறுவனத்தின் கையில். கன்னியாகுமரிக் கடைகளில் "மூன்று கடல் மணல்" என்று கலர் கலராகப் பொட்டலம் கட்டி விற்பார்களே, அதன் நிறங்களுக்குக் காரணம் இந்தக் கனிமங்கள்தான்.

மதியச் சாப்பாட்டில் தேங்காய் அரைத்த மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் கேளுங்கள். சம்பா அரிசிச் சோறு பருமனாக இருக்கும், அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். இந்தக் குழம்புக்கு அதுதான் ஜோடி. பனை ஏறும் காலமென்றால் சாலையோரத்தில் அக்கானி கிடைக்கும். பதநீருக்கு இங்கே அந்தப் பெயர்தான்.

நாலரைக்கு முட்டம். செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், கடலுக்குள் உருண்டு விழுந்ததுபோல் பெரும்பாறைகள். எண்பதுகளின் தமிழ்ப் படம் பார்த்தவர்களுக்கு "இங்கே வந்திருக்கோமே" என்று தோன்றும். அஸ்தமனத்துக்கு இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. முனையைவிட இங்கே கூட்டம் பாதிகூட இராது.

ஆனால் இறங்கிக் குளிக்க நினைக்காதீர்கள். இந்தக் கரை முழுக்கக் கள்ளக்கடல் ஆபத்து உண்டு. எங்கோ தொலைவில் கிளம்பிய அலை, காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று ஏறி வந்து ஆளை இழுத்துப்போகும். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே ஐந்து மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் போனார்கள். மீனவர் ஒருவர் "இறங்காதீங்க மக்களே" என்றால் காரணம் கேட்காமல் மேலே ஏறிவிடுங்கள்.

நான்காம் நாள்: பூவிலிருந்து முனை வரை

இருட்டிலேயே எழுந்து தோவாளை பூச்சந்தைக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறினால் வியாபாரம் ஓய்ந்துவிடும். பிச்சியும் அரளியும் துளசியும் மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்கு ஏறும். ஓணச் சமயத்தில் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அரளிப் பூவை மடித்து நொச்சி இலையோடு கோத்து, ரத்தினம் பதித்த மாதிரி தட்டையாகக் கட்டுகிற மாணிக்கமாலை இந்த ஊரின் கைவேலை. ஒன்று கட்டுவதை உட்கார்ந்து பார்க்க அனுமதிப்பார்கள். பக்கத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய், காற்றாலைகளின் காடு.

ஏழரைக்குச் சுசீந்திரம். தாணு, மால், அயன் மூவரும் ஒரே லிங்கத்தில் இருப்பதால் தாணுமாலயன். 134 அடிக் கோபுரம், 18 அடி அனுமார், தட்டினால் சுரம் பேசும் ஒற்றைக்கல் இசைத்தூண்கள். இவற்றை எல்லா வழிகாட்டியும் சொல்லும். நான் சேர்ப்பது வேறு: கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக 1926-இல் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் கதவு எல்லோருக்கும் திறந்தது.

அதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்து சாமித்தோப்புக்குப் போக வேண்டும். அய்யா வைகுண்டர் (1809–1851) பதி, அதாவது அவர் வழி வந்தவர்களின் வழிபாட்டிடம். கருவறையில் சிலை இல்லை, கண்ணாடி. உங்களையே பார்த்துக் கும்பிடுகிறீர்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் தலைப்பாகை கட்டவும், பெண்கள் மார்பை மறைக்கவும் கூடாது என்று விதி இருந்த காலத்தில், "கட்டு" என்று சொன்னவர் அவர். பெண்கள் மேலாடை அணியும் உரிமை 1859-இல்தான் அரசாணையாக வந்தது. ஒரே காலையில் சட்டையைக் கழற்றச் சொல்லும் கோயிலையும் தலைப்பாகை கட்டச் சொல்லும் பதியையும் பார்ப்பது இந்த மாவட்டத்தில்தான் நடக்கும்.

மதியம் மணக்குடிக் காயலில் பறவைகள் பார்க்கலாம். கால் வலுவுள்ளவர்கள் மருந்துவாழ் மலை ஏறலாம். நாராயண குரு தவமிருந்த குகை மேலே இருக்கிறது, உச்சியிலிருந்து கடல், உப்பளம், வயல் எல்லாம் தெரியும். ஆனால் ஏறுவது காலையிலோ மாலையிலோ மட்டும். மூன்று மணிக்கு வட்டக்கோட்டை: கடலுக்குள் காலை நீட்டியபடி நிற்கும் கருங்கல் கோட்டை, இதையும் வலுப்படுத்தியது டிலனாய்தான். மதிலில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீங்கள் இரண்டாம் நாள் விட்டுவந்த மலைத்தொடரின் வால்.

ஐந்தாம் காலை: முனை

இப்போது உதயம் பார்க்கலாம். கூட்டத்தோடு முக்கடல் படிக்கட்டில் நெரிய வேண்டாம்; மீனவர் ஊர்ப் பக்கமாக, அலங்கார உபகார மாதா தேவாலயத்தைத் தாண்டி நடந்தால் வள்ளங்களுக்கு நடுவே நின்று பார்க்கலாம். படகு எட்டு மணிக்கு. ஏழு மணிக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறை, 1970-இல் எழுந்த நினைவு மண்டபம். பக்கத்துப் பாறையில் 2000 ஜனவரி 1-இல் திறந்த 133 அடி வள்ளுவர்: பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்கள், சிலை 95 அடி, பொருளும் இன்பமும். முன்பெல்லாம் கடல் கொஞ்சம் பொங்கினாலே வள்ளுவர் பாறைக்குப் படகு போகாது. 2024 டிசம்பர் 30 முதல் இரண்டு பாறைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இருக்கிறது, நடந்தே போய்விடலாம்.

சென்னை ரயில் மாலையில்தான். நாகர்கோவில் வழியாகப் போகிறவர்கள் வடசேரிச் சந்தையில் இறங்கி மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்குங்கள். விரல் நீளம்தான் இருக்கும், வாசம் பெட்டி முழுக்கப் பரவும். கனியாத சீப்பாகக் கேட்டு வாங்குங்கள். கனிந்ததை வாங்கினால் விழுப்புரம் தாண்டுவதற்குள் கறுத்துவிடும்.